ஆஷாடத்துக்கும் ஆவணிக்கும் நடுவில்

1

எங்களுக்கு இப்போது இரண்டு வீடு இருக்கிறது. இரண்டிலும் குடியிருக்க முடியவில்லை.

பொம்மனஹள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், புது பெயிண்ட் வாசனைக்கு நடுவே வேறு யாரோ பால் பொங்கவைத்துவிட்டார்கள். சந்தாபுராவில் என் மகள் கடன் போட்டு வாங்கிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் மாதக் கணக்கில் வாடகைக்கு விடும் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். எங்கள் சாமான்கள் வேறு எங்கேயோ ஒரு கிடங்கில் இருக்கின்றன. அரிவாள்மணை எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆரணியில் என்னோடு படித்தவர்கள் வருடா வருடம் கொண்டுவரும் மலருக்கு "வெளியூர் அனுபவம் எழுது சாந்தி" என்று இந்தத் தடவையும் விடாமல் போன் செய்துவிட்டார்கள். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கனடாவுக்குப் போனவள் பனியைப் பற்றி எழுதுகிறாள். துபாய்க்குப் போனவள் மணற்புயலைப் பற்றி எழுதுகிறாள். நான் வந்திருப்பது காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும் தூரம். "பெங்களூர் எல்லாம் ஒரு வெளிநாடா" என்று நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதம் பிறப்பதும் முடிவதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு, நமக்கு வேறு என்றால் அதுவும் வெளிநாடுதான் என்று இந்த ஆடியில்தான் புரிந்தது.

ஒரு வசதி. நான் எழுதும் எதையும் என் மகள் படிக்கமாட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் பஸ் போர்டு படிக்க வரும், அவ்வளவுதான். அதனால் தைரியமாக எழுதலாம்.

2

வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் பொம்மனஹள்ளியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். நான் ஹோசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்தேன். அவருக்குச் சர்க்கரை வந்தது; அவர் அதை மதிக்கவில்லை; அது அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் பேப்பரில் சின்ன எழுத்து போனது, பிறகு பெரிய எழுத்து, பிறகு என் முகம். கடைசியில் ஜன்னல் இருக்கும் திசை மட்டும் வெளிச்சமாகத் தெரிகிறது என்றார். இப்போது அதுவும் இல்லை. நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள். "அடி எண்ணி நடப்பாரா?" இல்லை. அவர் எதையும் எண்ணுவதில்லை. இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு சாதாரணமாக நடப்பார். படுக்கையறையிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து சமையலறை, அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து மாடிப்படிக் கைப்பிடி. சுவர் எங்கே குளிர்ந்திருக்கும், எங்கே சூடாக இருக்கும், எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அந்த நடைவழிச் சுவரில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. அவர் கைபட்டுப் பட்டு வந்த அழுக்கு. நான் சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம் விட்டுவிட்டேன்.

காலையில் நான் எழுவதற்கு முன்பே அவர் எழுந்து, பல் துலக்கி, முகம் கழுவி, சட்டை மாற்றி, படியிறங்கிக் கீழே போய்விடுவார். கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் நஞ்சப்பா சார் கன்னடப் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். இவர் தமிழில் அதற்கெல்லாம் கருத்துச் சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்து எல்லாக் கட்சியையும் திட்டி முடித்த பிறகு, சாரின் மனைவி ஜெயம்மா இரண்டு பேருக்கும் காபி கொடுப்பார். எங்கள் வீட்டுக் காபி இவருக்கு இரண்டாவது காபிதான். நடைபாதையில் யாராவது ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினால் ஜெயம்மா தெருவே கேட்கும்படி சத்தம் போடுவார். எங்கள் உறவினர்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

கண் தெரியாதவர் என்பது எனக்கே பல நாள் மறந்துபோயிருந்தது. அந்த வீட்டுக்குள் அவர் கண் தெரியாதவராக இருந்ததில்லை.

3

என் மகள் நிவி ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறாள். வேலைக்குச் சேருகிறவர்களையும் விட்டுப் போகிறவர்களையும் கவனிக்கிற வேலை. சந்தாபுராவில் அவள் வாங்கிய ஃபிளாட் தயாராகப் போகிறது என்று தெரிந்ததும் வீட்டிலும் ஹெச்.ஆர். ஆகிவிட்டாள்.

"அம்மா, அக்ரிமென்ட்ல ரெண்டு மாச நோட்டீஸ்னு இருக்கு. ஆபீஸ்ல ஒழுங்கா நோட்டீஸ் குடுக்காம போறவங்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நாம நீட்டா செய்யலாம். நான் டைப் பண்ணிடறேன்."

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற அக்ரிமென்ட் அது. சாரும் நாங்களும் அதைப் படித்துப் பார்த்ததாக ஞாபகமே இல்லை. அப்போது இவர் நாற்காலியிலிருந்து, "எனக்கும் ரெண்டு மாசம் நோட்டீஸ் வேணும்" என்றார்.

"உனக்கு எதுக்குப்பா?"

"அந்த வூட்டுக்கு என்னை அப்பப்போ கூட்டினு போ. காலியா இருக்கும்போதே ஒருவாட்டி சுவரெல்லாம் கைவச்சிப் பார்த்துக்கறேன். அப்புறம் சாமான் வர வர எது எங்கன்னு தெரிஞ்சிக்கறேன். கை பழகிடுச்சின்னா உங்க ரெண்டு பேரையும் நான் தொந்தரவே பண்ணமாட்டேன்."

"டீல்பா" என்று நிவி அவர் உள்ளங்கையில் தட்டினாள். அவர் சொந்த வீடு கிடைப்பதில் எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பதையும் நான் சொல்ல வேண்டும். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

நல்ல நாள் பார்த்து, தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் பூவும் வைத்துக்கொண்டு நான் கீழே போனேன். நிவி பிளாஸ்டிக் உறைக்குள் டைப் செய்த தாளோடு வந்தாள். காலி செய்யப்போகிறோம் என்று சொல்லவா தட்டு என்று கேட்பீர்கள். இத்தனை வருடம் இருந்துவிட்டு வெறுங்கையோடு போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொந்த வீடு என்றதும் ஜெயம்மா என்னைக் கட்டிக்கொண்டார். கண்ணும் கலங்கியது. நஞ்சப்பா சார் நிவி நீட்டிய தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனு நிவி புட்டி, நம்மொளகே பேப்பர் யாக்கே? பாயல்லி ஹேளிதிரல்ல, சாக்கு."

நமக்குள் காகிதம் எதற்கு, வாயால் சொன்னீர்களே, போதும் என்றார். தாளைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார். பிறகு என்னிடம், "ஆஷாட முகிலி, ஆமேலே ஹோகி" என்றார். ஆஷாட மாதம் முடியட்டும், அப்புறம் போங்கள்.

"ஹௌது சார், நாவூ அதே அந்துக்கொண்டிதீவி" என்றேன். நாங்களும் அதைத்தான் நினைத்திருக்கிறோம் சார்.

ஆஷாடம் என்றால் நம் ஆடி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இங்கேயும் ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது, வீடு மாற்றுவது கிடையாது, புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், துணிக்கடையில் தள்ளுபடி போடுவார்கள். நம் ஆடியேதான். இந்த ஊர்த் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆடி முடிந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிட்டு, அன்றைக்கே சாமான் ஏற்றுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சாரும் ஏதோ முடிவு செய்துகொண்டார். இரண்டு பேரும் ஒரே நாளைத்தான் நினைக்கிறோம் என்று நம்பி, காபி குடித்துவிட்டு நான் மேலே வந்தேன்.

மாடி ஏறும்போது நிவி சொன்னாள், "டேட் போட்டு எழுதியிருந்தேம்மா. வாங்கிட்டா என்னவாம்?"

"அவர் நம்மள ஆபீஸ் ஆளா நெனைக்கலடி. அதுக்கு நீ சந்தோஷப்படணும்" என்றேன்.

4

நோட்டீஸ் கொடுத்த பிறகு ஒரு வீடு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம். ஆனாலும் ஆணி அடிக்கக் கூச்சமாக இருக்கிறது. குழாய் ஒழுகினால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மளிகைக்காரர், "இன்னும் எத்தனை நாள் அக்கா" என்று கேட்டுவிட்டுக் கடனுக்குக் கொடுப்பதைக் குறைத்துவிட்டார்.

வீட்டுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சாரின் தங்கை மகனுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. அவனுக்குத்தான் என்று முதல் வாரத்திலேயே ஜெயம்மா சொல்லிவிட்டார். ஒருநாள் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தாள். அவள் அம்மா நடைவழியில் நின்று அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்து, "இதேனு கலே?" என்றார். என்ன கறை இது என்று. இவர் பக்கத்து அறையில் இருந்தார். நான் கன்னடம் புரியாதவள்போல முழித்தேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் கன்னடம் மறந்தது.

சந்தாபுரா பக்கம் வேறு கதை. ஃபிளாட் தயார் என்றார்கள், ஆனால் சாவி தரவில்லை. சாவிக்கு ஒரு சான்றிதழ் வர வேண்டும். சான்றிதழுக்கு மின்சார மீட்டர் வைத்திருக்க வேண்டும். மீட்டருக்கு எழுதிக் கொடுத்தால், சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். நிவி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு அலுவலகமாகப் போய்வந்தாள். அழகாகக் கன்னடம் பேசுவாள், எல்லோரும் அவளை உட்காரச் சொல்வார்கள், டீ கூடக் கொடுப்பார்கள். வேலை மட்டும் நடக்காது.

"வர்ற வாரம் போலாம்பா" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்னாள். "பரவால்ல" என்று அவரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. சாவி இல்லாவிட்டால் போகிறது, வேலையாள் உள்ளே இருப்பார்கள், கதவு திறந்திருக்கும், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுவிட்டு ஆட்டோவில் கூட்டிப் போனேன். கேட்டில் இருந்த மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, ஹேண்ட்ஓவர் ஆகற வரைக்கும் இது கட்டட வேலை நடக்கற எடம். சாருக்குக் கண்ணு வேற தெரியல. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா என் வேலை போயிடும். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆட்டோக்காரர் காத்துக்கொண்டிருந்தார். இவர் என் தோளிலிருந்து கையை எடுத்து, காற்றில் துழாவி, கேட்டுக்குப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைக் கண்டுபிடித்தார். கொஞ்ச தூரம் அதைத் தடவிக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தார்.

"சுவரு நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆட்டோவில் ஏறினோம்.

5

மீட்டர் வந்து, சான்றிதழ் வந்து, சாவி நிவியின் கைக்கு வந்தபோது ஆனி முடிய ஒரு சில நாட்கள்தான் இருந்தன. அந்த நாட்களில் முகூர்த்தம் இல்லை. கட்டி முடிந்த வீட்டுக்குள் பால் காய்ச்சாமல் அவரைக் கூட்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. "கவலப்படாதீங்க, ஆவணியில பால் காய்ச்சிட்டு, கொஞ்சநாள் ரெண்டு வூட்லயும் மாத்தி மாத்தி இருக்கலாம். நீங்க நிதானமா பழகிக்கலாம்" என்று இவரிடம் சொன்னேன். ஆவணி கடைசிவரை இந்த வீட்டை வைத்துக்கொள்ள சாரிடம் கேட்டால் மறுக்கவா போகிறார்?

ஆடி ஒன்றாம் தேதி காலை. வேப்பிலை கட்டி, ஆடிப் பிறப்புக்குத் தேங்காய் சுடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெயிண்டர் உப்புத்தாளும் பட்டி வாளியுமாக நின்றார்.

"பேசேஜ் சுவரைப் பாக்கணும்மா. அமாவாசைக்குள்ள முடிச்சிக் குடுக்கச் சொல்லிட்டாரு சாரு."

"மாடி மாறி வந்துட்டீங்க" என்றேன். அவர் மாறி வரவில்லை.

நான் கீழே ஓடினேன். என் முகத்தைப் பார்த்து நஞ்சப்பா சார் பயந்துவிட்டார். "ஆஷாடம் இப்பத்தானே சார் பொறந்திருக்கு?" என்றேன். அவர் தன் கன்னடக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். நான் மேலே போய் என் நாள்காட்டியைக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர்களுடைய மாதம் அமாவாசையோடு முடிகிறது. எனக்கு அன்றைக்கு இன்னும் ஆடி அமாவாசைதான். ஆடி பாதிகூடத் தாண்டாது. மறுநாளே அவர்களுக்குச் சிராவணம், நல்ல மாதம். எனக்கோ அதற்கப்புறமும் மூன்று வாரத்துக்கு மேல் ஆடி. சில வருடங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வருமாம். இந்த வருடம் விலகிவிட்டது. இத்தனை நாளும் காலி செய்ய வேண்டிய தேவை வராததால் அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"ரெண்டு மாசம்கூட ஆகலையே, பரவால்ல, நம்ம சாந்தம்மாதானேன்னு நான் விட்டுக்கொடுத்தேன்" என்றார் சார், அரைத் தமிழில், கிட்டத்தட்ட அழும் குரலில். அவர் எனக்குச் சலுகை செய்ததாக நினைத்திருக்கிறார். நானும் அவருக்கு அதிகப்படியாகவே அவகாசம் கொடுத்ததாக நினைத்திருந்தேன்.

தங்கை மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். ஜெயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஷாடத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணைச் சிராவணம் பிறந்ததும் அழைத்துவர வேண்டும். முதல் வரமகாலட்சுமி பூஜையைப் புது வீட்டில் செய்வதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லி, எல்லோரையும் அழைத்தாகிவிட்டது. வேறு வீடு பார்க்க நேரமில்லை.

"ஏன் மாடோது சாந்தம்மா?" என்றார். என்ன செய்வது?

இந்த ஊரில் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள். டிராஃபிக் ஜாமுக்கும் அதுதான், துக்க வீட்டிலும் அதுதான். அன்றைக்கு நானும் அதையே திருப்பிச் சொன்னேன். கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

6

"நேரா புது வீட்டுக்குப் போயிடலாம்மா. சும்னே இதெல்லாம் பாக்காதே" என்றாள் நிவி, பாதிக் கன்னடத்தில். அவளுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்று. எனக்கும் அப்படியே செய்துவிடலாம் என்று ஒருநாள் முழுக்கத் தோன்றியது. அதற்குள் ஆரணியிலிருந்து என் பெரிய நாத்தனார் போன் செய்தார். யார் சொன்னார்களோ.

"இன்னாடி சாந்தி, ஆடியில பால் காய்ச்சப் போறீங்களாமே? என் தம்பிக்குக் கண்ணு போனது போதாதா?"

எனக்கு அதிலெல்லாம் முழு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நம்பாமல் இருக்கும் துணிச்சலும் இல்லை. நாளைக்கு அவருக்குக் காலில் ஒரு முள் குத்தினாலும் இந்த ஆடிதான் என் ஞாபகத்துக்கு வரும். இவரைக் கேட்டேன். "உன் இஷ்டம். எனக்கு ரெண்டுமே ஒண்ணுதான், பரவால்ல" என்றார். அவருக்கு இரண்டும் ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் இந்த அறையை நிவி போனில் தேடிப் பிடித்தாள். "கொஞ்ச நாள்தாம்மா" என்றாள். அதாவது, கை பழகிய வீட்டிலிருந்து பழகாத அறைக்கு, அந்த அறை பழகுவதற்குள் இன்னொரு பழகாத வீட்டுக்கு.

பெயிண்டர் நாங்கள் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிட்டார். சார் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் அனுப்பினார். காலி செய்யும்போது பெயிண்ட் செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்வது இங்கே வழக்கம். அவர் எங்களிடம் அதைக்கூடக் கழிக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்தக் கோடு மாவாகித் தரையில் கொட்டியது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துப் பெருக்கித் தள்ளினேன். இருட்டுவதற்குள் பெயிண்டர் ஒரு கை வெள்ளை ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இவர் வழக்கம்போல எழுந்திருக்கிறார். சுவரில் கை வைத்திருக்கிறார். ஈரம். கையை எடுத்துவிட்டார். கை வைக்காமல் நடக்க அவருக்குத் தெரியாது. வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் ஈரம். நான் எழுந்து வந்தபோது நடைவழியின் நடுவில், வெள்ளை ஒட்டிய இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் கைக்கு அத்தனை பழகிய வீட்டுக்குள்.

"சாந்தி, எந்தப் பக்கம்?" என்றார்.

நான் அன்றைக்கு அழுதேன். மண்ணெண்ணெய் தொட்டு அவர் கையைத் துடைத்தபடியே அழுதேன். பெயிண்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அமாவாசை கழிந்து கிளம்பினோம். ஜெயம்மா எனக்குக் குங்குமம் வைத்து, தேங்காயும் ரவிக்கைத் துணியும் கொடுத்தார். "ஹோகி பன்னி" என்றார். போய் வாருங்கள் என்று. நம் ஊர் மாதிரியே இங்கேயும் வெறுமனே போ என்று சொல்லமாட்டார்கள். நஞ்சப்பா சார் இவருடைய கையைப் பிடித்துப் படியிறக்க வந்தார். இவர் மெதுவாக அந்தக் கையை விலக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தானே இறங்கினார். கைப்பிடிக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை.

"இன்மேலே யாரிகே ஓத்லி?" என்றார் சார். இனிமேல் யாருக்குப் படிப்பேன்?

"சத்தமா படிங்க சார், சந்தாபுராவுக்குக் கேக்கும்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம்.

7

இந்த அறையில் கட்டில் நடுவில் கிடக்கிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்க அலமாரி, இன்னொரு பக்கம் பலகைத் தடுப்பு. கை வைத்து நடக்கத் தொடர்ச்சியாகச் சுவரே இல்லை. குளியலறைக்கு உயரமாக ஒரு நிலைப்படி. முதல் நாள் காலை, பழக்கத்தில் தானாக எழுந்து போய் அதில் தடுக்கி, கதவு விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். பெரிய காயமில்லை. கீழே மருந்துக் கடைதானே, பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். நிவி ஆபீஸிலிருந்து மூன்று தடவை போன் செய்தாள். அவளுக்கும் கஷ்டம்தான். சாயங்காலம் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில் யாரிடமோ நோட்டீஸ் பீரியட் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். "சாந்தி, எழுந்திருக்கப் போறேன்" என்பார். முதலில் எனக்குப் புரியவில்லை.

"எழுந்திருங்களேன், யாரு வேணாம்னது?"

"இல்ல, சொல்லிட்டு எழுந்திருக்கலாம்னு."

இப்போது எல்லாவற்றுக்கும் சொல்கிறார். திரும்பிப் படுக்கப் போறேன். தண்ணி குடிக்கப் போறேன். பாத்ரூம் போகப் போறேன். சொல்லிவிட்டு நான் "சரி" என்று சொல்லும்வரை காத்திருக்கிறார். முப்பது வருடக் குடித்தனத்தில் என்னிடம் ஒருநாளும் எதற்கும் அனுமதி கேட்காத மனிதர். பட்டறையில் முதலாளியிடமே கேட்காமல் டீ குடிக்கப் போனவர். ஆவணி பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நிவி சொல்கிறாள். சந்தாபுராவில் அகலமான நடைவழி, வழவழப்பான சுவர், எல்லாம் புதுசு. "சொந்த வீடும்மா, அப்பா கை எவ்வளவு பட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறாள். நல்ல மனதோடுதான் சொல்கிறாள். அவர் கை மறுபடி சுவரை நம்பினால்தானே அதுவும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலை துணி துவைக்கலாம் என்று குளியலறைக்குள் போனேன். குழாயைத் திறந்தால் இந்தக் கட்டடத்தில் பெரிய சத்தம். நிவியின் சட்டை, அவருடைய வேட்டி, என் புடவை எல்லாவற்றையும் நிதானமாக அலசிப் பிழிந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் கட்டில் ஓரத்தில், கால்களைத் தரையில் ஊன்றி, கைகளை முழங்காலில் வைத்து, எழப்போகிற மாதிரி கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். சொல்லி ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும்.